சேர்ந்த மைலுக்கு என்ன மதிப்பு? வாசகர் கேள்வி பதில்

ஆண்டிறுதி விடுமுறை நெருங்குவதால், விமான நிறுவனங்களும் ஹோட்டல்களும் இலவசமாக அளிக்கும் உறுப்பினர் புள்ளிகளை (விமான நிறுவனங்கள் இவற்றை மைல் என்கின்றன) பற்றிக் கேள்விகள் வந்தபடி இருக்கின்றன. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கி, இவ்விதழின் கேள்வி பதில் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நானும் கணவரும் பிள்ளைகள் இருவரும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் உறுப்பினர் திட்டத்தில் ஒரு காசும் கொடுக்காமல் சேர்ந்தவர்கள். கணவர் அலுவலக வேலையாக அடிக்கடி பறப்பதால் அவர் கணக்கில் 46,000 மைல் இருக்கிறது. எனக்கு 6,000 மைலும் பிள்ளைகளுக்கு ஆளுக்கு 3,000 மைலும் உள்ளன. "கடையில் செலவழித்துத் தீர்த்துவிடலாம்" என்கிறார் கணவர். சென்னைப் பயணத்துக்கு வைத்துக்கொண்டால் கூடுதல் மதிப்பு கிடைக்குமா? (ஈசூன் வாசகி)

பதில்: நால்வரின் மைல்களையும் கூட்டி 58,000 என்று எண்ணாதீர்கள். கிரிஸ்ஃபிளையரில் குடும்பத்தார் கணக்குகளை ஒன்றாகச் சேர்க்க முடியாது. ஆனால் ஓர் உறுப்பினர் ஐந்து பேர் வரை நியமித்து, தம் மைல்களைக் கொண்டு அவர்களுக்கு டிக்கெட் எடுக்கலாம். ஆகவே கணவரின் 46,000 மைலில் நீங்களோ உங்கள் தாயாரோ பறக்கலாம். உங்கள் 6,000 மைல் அதனுடன் சேராது.

இனி மதிப்புக்கு வருவோம். கடைகளில் மைலைச் சேர்க்கவும் செலவழிக்கவும் உதவும் கிரிஸ் பிளஸ் செயலியின் முன்னோடியான கிரிஸ்பே 2018இல் அறிமுகமானபோது, கடைகளில் 15 மைலுக்கு 10 காசு என்று கணக்கிட்டார்கள். அதாவது ஒரு மைலின் மதிப்பு முக்கால் காசுக்கும் குறைவு. இந்த விகிதம் அவ்வப்போது மாறக்கூடியது, செலவழிக்கும் நாளில் செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள். எப்படியாயினும் கடையில் கிடைக்கும் அந்த மதிப்பைத்தான் அடிமட்டமாக வைத்துக்கொள்ள வேண்டும். பயணத்தில் அதைவிடக் கூடுதலாகக் கிடைத்தால் மைலில் பறக்கலாம், கிடைக்காவிட்டால் பணம் கொடுத்துப் பறப்பதே மேல்.

கணக்குப் போடும் முறை எளிது. ரொக்க டிக்கெட்டின் விலையை எடுத்துக்கொண்டு, மைலில் பறந்தாலும் நாம் கையிலிருந்து கட்டவேண்டிய வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் அதிலிருந்து கழித்து, மிச்சத்தைத் தேவையான மைல்களால் வகுக்க வேண்டும். இந்தக் கழித்தலைப் பலர் செய்வதில்லை. சாங்கியிலிருந்து புறப்படுபவருக்கு மட்டும் 2024 ஏப்ரலிலிருந்து 65 வெள்ளி 20 காசு கட்டணம் உண்டு, இந்தியாவிலிருந்து திரும்பும்போது அங்குள்ள கட்டணங்கள் வேறு. ஓர் ஆறுதல் என்னவென்றால், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் சொந்த விமானங்களில் மைலால் எடுக்கும் டிக்கெட்டுகளுக்கு 2017 முதல் எரிபொருள் கூடுதல் கட்டணம் வாங்குவதில்லை.

கணக்கு விளங்குவதற்காக, சென்னை சென்று திரும்ப 44,000 மைலும் கையிலிருந்து கட்டவேண்டியது 120 வெள்ளியும் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண நாளில் ரொக்க விலை 620 வெள்ளி என்றால் மிச்சம் 500 வெள்ளி, ஆக ஒரு மைலுக்கு 1.1 காசு. தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் அதே இருக்கை 1,000 வெள்ளிக்குப் போனால் மைலுக்கு 2 காசு. கூட்டமில்லாத பிப்ரவரியில் 380 வெள்ளிக்குக் கிடைத்தால் மைலுக்கு 0.6 காசுதான். அந்த மாதத்தில் மைலில் பறப்பவர் கடையில் செலவழித்தவரைவிடக் குறைவாகவே பெறுகிறார். அத்துடன், பணம் கொடுத்து வாங்கியிருந்தால் சேர்ந்திருக்கக்கூடிய புதிய மைல்களும் அவருக்கு இல்லாமல் போகின்றன.

இதில் நீங்கள் உங்களிடமே நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டிய ஒன்றும் உண்டு. மைல் இல்லாவிட்டால் உண்மையில் எந்த விமானத்தில் போயிருப்பீர்கள்? மலிவுக் கட்டண விமானத்தில் 350 வெள்ளிக்குப் போயிருப்பீர்கள் என்றால், கழித்தலை அந்த 350 வெள்ளியிலிருந்துதான் தொடங்க வேண்டும், 620 வெள்ளியிலிருந்து அல்ல. "பிசினஸ் வகுப்பில் பறந்தேன், மைலுக்கு ஐந்து காசு கிடைத்தது" என்று சொல்பவர்களைப் பார்த்து ஏக்கப்படவும் வேண்டாம். அந்த இருக்கையைப் பணம் கொடுத்து ஒருநாளும் வாங்கியிருக்க மாட்டோம் என்றால் அந்த ஐந்து காசு நம் பையில் இருந்த காசன்று. படுத்துக்கொண்டு பறப்பது முதுகுவலியுள்ள தாயாருக்குத் தேவை என்றால் அது வேறு விஷயம், அதை நான் முழுமனதோடு ஆதரிப்பேன்.

ஆகவே கணவரின் மைல்களைப் பள்ளி விடுமுறைக்கோ பண்டிகைக்கோ வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடமும் பிள்ளைகளிடமும் இருக்கும் சிறு தொகைகள் ஒரு டிக்கெட் அளவுக்கு வளர வாய்ப்பில்லை என்று தோன்றினால், அவை காலாவதியாகும் முன் கடையில் பயன்படுத்தலாம், அல்லது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இணையத்தளத்தில் ரொக்க டிக்கெட் வாங்கும்போது விலையில் ஒரு பகுதியை மைலால் கட்டலாம். கிரிஸ்ஃபிளையர் மைலின் ஆயுள் 36 மாதம். எந்த மாதத்தில் எத்தனை மைல் காலாவதியாகும் என்பதைக் கணக்கிலேயே காட்டுகிறார்கள். ஒரு டிக்கெட்டுக்குத் தேவையான மைல்கள் 2019 ஏப்ரலில் உயர்ந்தன, 2022 ஜூலையிலும் உயர்ந்தன. பரணில் ஏற்றிவைத்த அரிசியைப் போல இதுவும் நாள்பட நாள்பட உளுத்துத்தான் போகிறது.

கேள்வி: என் பெயருடன் தந்தை பெயரும் நடுவே "எஸ்/ஓ" (இன்னாரின் மகன்) என்பதும் கடப்பிதழில் உள்ளன. விமான நிறுவன உறுப்பினர் கணக்கில் என் பெயரை மட்டும் கொடுத்திருக்கிறேன். மைல்கள் சில பயணங்களுக்குச் சேர்கின்றன, சிலவற்றுக்குச் சேர்வதில்லை. ஏன்? (ஜூரோங் வெஸ்ட் வாசகர்)

பதில்: இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும். தமிழர்கள் இழக்கும் மைல்களில் கணிசமானவை பெயரால்தான் போகின்றன என்பது நான் பல ஆண்டுகளாகப் பார்த்துவருவது.

உறுப்பினர் கணக்கிலுள்ள பெயரும் டிக்கெட்டிலுள்ள பெயரும் பொருந்தினால்தான் கணினி தானாக மைலைச் சேர்க்கும். இந்தத் திட்டங்களோ குடும்பப் பெயர், தனிப்பெயர் என்று இரு கட்டங்களை வைத்துக்கொண்டு பிறந்தவை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. சிங்கப்பூர்க் கடப்பிதழில் "எஸ்/ஓ", "டி/ஓ" என்று சாய்கோட்டுடன் இருக்கும், டிக்கெட்டில் அந்தச் சாய்கோட்டுக்கு இடமில்லாததால் இரண்டு எழுத்தும் ஒட்டிக்கொண்டு ஒரு சொல்லாகிவிடும். இந்தியக் கடப்பிதழிலோ குடும்பப் பெயர்க் கட்டமே பலருக்கு வெறுமையாக இருக்கும். ஒரு பயண முகவர் தந்தை பெயரை முன்னே போடுவார், இன்னொருவர் தலைப்பெழுத்தை மட்டும் போடுவார், மூன்றாமவர் ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் போடுவார். பறப்பவர் ஒருவரே ஆனாலும் கணினிக்கு அவர் மூன்று பேர்.

என் தாயாருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். அவருடைய இந்தியக் கடப்பிதழில் பெயர் ஒரே சொல். உறுப்பினராகப் பதிந்தபோது நான்தான் தலைப்பெழுத்தையும் சேர்த்து எழுதினேன். நான்கு முறை வந்து போனார், ஒரு மைலும் சேரவில்லை. இருக்கைச் சீட்டுகளை எல்லாம் பத்திரமாகப் பஞ்சாங்கத்துக்குள் வைத்திருக்கிறேன் என்று அவர் சொன்னதால் நானும் கவலைப்படாமல் இருந்தேன். ஒரு நாள் உட்கார்ந்து அவற்றை எடுத்துப் பிரித்தபோது, வெப்பத்தாளில் அச்சிட்ட எழுத்துகள் மங்கி, இரண்டு சீட்டுகள் வெற்றுத் தாளாகவே இருந்தன. ஒன்றில் பயண நாள் மட்டும் தெரிந்தது, டிக்கெட் எண் தெரியவில்லை. விடுபட்ட மைலுக்கு விண்ணப்பிக்கும் கெடுவும் முடிந்துவிட்டது என்று அந்த விமான நிறுவனம் பதில் அனுப்பியது. விதியைச் சொன்னார்கள், அதில் தவறில்லை. ஆனால் எழுபது வயதுத் தாய் பொத்திப் பொத்தி வைத்த காகிதங்கள் அவை.

ஆகவே செய்யவேண்டியது இது. உறுப்பினர் கணக்கில் உங்கள் பெயரைக் கடப்பிதழில் உள்ளபடியே, தந்தை பெயரையும் சேர்த்து முழுமையாகத் திருத்தும்படி விமான நிறுவனத்திடம் கேளுங்கள். கடப்பிதழின் நகலைக் காட்டச் சொல்வார்கள். டிக்கெட் எடுக்கும் ஒவ்வொரு முறையும், முகவரிடம் எடுத்தாலும் சரி, அதே வரிசையில் பெயரையும் உறுப்பினர் எண்ணையும் எழுதிக் கொடுங்கள். வாய்வழியாகச் சொல்ல வேண்டாம். பயணம் முடிந்ததும் டிக்கெட் எண் தெரியும்படி இருக்கைச் சீட்டைக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். மைல் சேராவிட்டால் பயண நாளிலிருந்து 6 மாதத்திற்குள் கிரிஸ்ஃபிளையரில் விடுபட்ட மைலுக்கு விண்ணப்பிக்கலாம். உங்கள் விடுபட்ட பயணங்களில் அந்தக் கெடுவுக்குள் இருப்பவை எவை என்று இன்றைக்கே பாருங்கள். யாருக்காவது மைலில் டிக்கெட் எடுக்க அவரை நியமிக்கும்போதும் இதே கவனம் வேண்டும், அவருடைய கடப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பார்த்துப் பதியுங்கள்.

கேள்வி: கப்பல் பட்டறையில் வேலை செய்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை ஸ்கூட் என்ற மலிவுக் கட்டண விமானத்தில் திருச்சிக்குப் போய் வருவேன். கடன்பற்று அட்டை கிடையாது. என்னைப் போன்றவர்களுக்கு இதில் ஏதாவது உண்டா? (உட்லண்ட்ஸ் வாசகர்)

பதில்: உண்டு தம்பி, ஆனால் சிறிதுதான். அதைப் பெரிதாக்கிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த ஊரில் கடன்பற்று அட்டை வாங்கக் குடிமக்களுக்கே ஆண்டு வருமானம் 30,000 வெள்ளி இருக்க வேண்டும், வெளிநாட்டு ஊழியர்களிடம் வங்கிகள் பெரும்பாலும் அதற்கும் மேல் கேட்கின்றன. மைல்களைப் பல்லாயிரக்கணக்கில் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் அட்டை வழியாகத்தான் சேர்க்கிறார்கள். உங்களுக்கு இருப்பது பறக்கும் வழியும் கடை வழியும் மட்டுமே. ஸ்கூட் டிக்கெட் எடுக்கும்போது கிரிஸ்ஃபிளையர் எண்ணைக் கொடுத்தால் மைல் சேரும். ஒரு திருச்சிப் பயணத்துக்கு அது சில நூறைத் தாண்டாது. கிரிஸ் பிளஸ் செயலியில் இணைந்துள்ள உணவகம், கடை எதற்காவது நீங்கள் வழக்கமாகப் போவதுண்டு என்றால் அங்கே செயலி வழியாகப் பணம் கட்டலாம். அதில் சேரும் மைலைக் குறிப்பிட்ட நாள்களுக்குள் கிரிஸ்ஃபிளையர் கணக்குக்கு மாற்றாவிட்டால் பிறகு மாற்ற முடியாது என்பதால், கட்டிய அன்றே மாற்றிவிடுங்கள்.

ஆனால் மைலுக்காக விலை கூடிய டிக்கெட்டை ஒருபோதும் வாங்காதீர்கள். உங்களுக்கு முதல் கணக்கு பெட்டியின் எடைதான். ஸ்கூட்டின் அடிப்படை விலையில் சரக்குப் பெட்டி அடங்காது. பிள்ளைகளுக்கு வாங்கிய பால்மாவும் போர்வையும் தைலமும் சேர்ந்து முப்பது கிலோவைத் தொடும்போது பெட்டிக் கட்டணமே டிக்கெட்டின் விலையை எட்டிப்பிடிக்கப் பார்க்கும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சென்னைக்குப் பறக்கிறது, திருச்சிக்குப் பறப்பதில்லை. அதன் டிக்கெட்டில் பெட்டி அடங்கும், ஆனால் சென்னையில் இறங்கி ரயிலிலோ பேருந்திலோ ஐந்தாறு மணி நேரம் போக வேண்டும். இரண்டையும் பெட்டியோடும் ரயில் கட்டணத்தோடும் கூட்டிப் பார்த்து, குறைவாக வருவதை வாங்குங்கள். உறுப்பினர் எண்ணை எதில் பறந்தாலும் கொடுங்கள். மூன்று ஆண்டில் சேர்வது ஒரு டிக்கெட்டாகாமல் ஒரு நல்ல சாப்பாட்டுக்கு ஆனாலும் அது உங்கள் உழைப்பின் பங்கு, விட்டுவிட வேண்டியதில்லை.

கேள்வி: வங்கி அட்டையில் சேர்ந்த புள்ளிகளை மைலாக மாற்றிவைப்பது நல்லதா, அப்படியே வைத்திருக்கலாமா? (அங் மோ கியோ வாசகி)

பதில்: போகும் தேதி முடிவாகும் வரை மாற்றாதீர்கள். மாற்றிய புள்ளி மறுபடி வங்கிக்குத் திரும்பாது, மாற்றிய மாதத்திலிருந்து அந்த 36 மாதக் கெடு ஓடத் தொடங்கிவிடும். சில அட்டைகளின் புள்ளிகளுக்குக் காலாவதியே கிடையாது. அத்தகைய புள்ளிகளை அவசரப்பட்டு மாற்றுவது, கெடாத பொருளைக் கெடும் பொருளாக ஆக்குவதற்குச் சமம். மாற்றும் ஒவ்வொரு முறைக்கும் பல வங்கிகள் 25 வெள்ளிக்கு மேல் கட்டணம் வாங்குவதாலும், 10,000 மைல் கொண்ட தொகுதிகளாகவே மாற்றித் தருவதாலும், ஒரே முறையில் தேவையான அளவை மாற்றுவதே சிக்கனம். மாற்றியது கணக்கில் வந்துசேரச் சில நாள் ஆகலாம் என்பதை மட்டும் கருத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பார்த்துவைத்த இருக்கை அதற்குள் போய்விடுவதும் உண்டு. அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் கட்டினாலோ, ஒரு மாதமேனும் பாக்கி வைத்து வட்டி கட்டினாலோ, இதற்கு இலவசம் என்ற பெயர் பொருந்தாது. வட்டி கட்டுகிறவர் மைலைப் பற்றி நினைக்கவே வேண்டாம், முதலில் பாக்கியை அடைக்கட்டும்.

கேள்வி: ஆண்டுதோறும் தைப்பூசத்துக்குக் குடும்பத்தோடு பினாங்கு போகிறோம். ஹோட்டல் உறுப்பினர் திட்டங்களில் சேர்வதால் பயனுண்டா? (செங்காங் வாசகர்)

பதில்: ஆண்டுக்கு இரண்டு மூன்று இரவு தங்குபவருக்கு இலவச இரவு விரைவில் கிடைத்துவிடாது. ஆனாலும் சேருங்கள். பெரிய குழுமங்கள் உறுப்பினர்களுக்கென்று சற்றுக் குறைந்த விலை தருகின்றன, சேரும் நிமிடத்திலிருந்தே அது கிடைக்கும். உங்களுக்கு உண்மையான லாபம் அதுதான். புள்ளிகள் சேர ஹோட்டலின் சொந்த இணையத்தளத்திலோ செயலியிலோ பதிய வேண்டும். இடைத்தரகுப் பயணத் தளங்கள் வழியாகப் பதிந்தால் பொதுவாகப் புள்ளி சேராது. அந்தத் தளத்தில் விலை கணிசமாகக் குறைவு என்றால் புள்ளியை மறந்துவிட்டு அங்கேயே பதியலாம்.

திட்டங்களின் இயல்பு வேறுபடும். அக்கோர் குழுமத்தில் 2,000 புள்ளிக்கு 40 யூரோ கழிவு என்பது நிலையான விகிதம், ஆகவே எந்த நாளில் பயன்படுத்தினாலும் மதிப்பு அதேதான். மேரியட்டில் புள்ளியால் ஐந்து இரவு தொடர்ந்து எடுத்தால் நான்கு இரவுக்கான புள்ளியே போதும், ஆனால் பூசத்துக்குப் போய் இரண்டாம் நாள் திரும்புகிறவர்களுக்கு அது உதவாது. மேரியட்டில் 24 மாதம் எதுவும் சேர்க்காமலும் செலவழிக்காமலும் இருந்தால் புள்ளிகள் போய்விடும். ஆண்டுக்கொரு முறை போகும் நீங்கள் ஒரே குழுமத்தில் தங்கினால் அந்தக் கவலை இராது. நான்கு திட்டங்களில் நாலைந்து நூறு புள்ளி வைத்திருப்பது எதற்கும் ஆகாது.

கேள்வி: "உங்கள் புள்ளிகள் இன்றிரவு காலாவதியாகின்றன" என்று இணைப்புடன் குறுஞ்செய்தி வந்தது. கடையொன்றில் உறுப்பினராகச் சேர அடையாள அட்டை எண்ணையும் கேட்டார்கள். கொடுக்கலாமா? (பொங்கோல் வாசகி)

பதில்: இரண்டுக்கும் வேண்டாம் என்பதே என் பதில். அந்த இணைப்பைத் தொடாமல், செயலியை நீங்களாகத் திறந்து காலாவதித் தேதியைப் பாருங்கள். மெய்யான புள்ளிகள் முன்கூட்டியே தேதி சொல்லித்தான் காலாவதியாகும், இரவோடு இரவாக வங்கி விவரம் கேட்காது. ஐயம் இருந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு மோசடித் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள். அடையாள அட்டை எண்ணைப் பொறுத்தவரை, சில்லறைக் கடை உறுப்பினர் திட்டங்கள் போன்றவற்றுக்காக நிறுவனங்கள் அதைச் சேகரிப்பதைத் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டி 2019 செப்டம்பர் 1 முதல் பொதுவாக அனுமதிப்பதில்லை. கைப்பேசி எண்ணோ மின்னஞ்சலோ போதுமா என்று கேளுங்கள். இலவசத் திட்டத்துக்கு நாம் கொடுக்கும் விலை நம்மைப் பற்றிய தகவல்தான் என்பதால், தேவைக்கு மேல் ஒரு வரிகூடக் கொடுக்க வேண்டியதில்லை.

கேள்வி: பணி ஓய்வு பெற்றவன். 50,000 மைல் இருக்கிறது. எப்போது தேடினாலும் குறைந்த மைல் இருக்கை கிடைப்பதில்லை. (தெம்பனிஸ் வாசகர்)

பதில்: ஐயா, உங்களிடம் மைலைவிடப் பெரிய செல்வம் ஒன்று இருக்கிறது, அது நேரம். வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளை வைத்திருப்பவர்களும் ஜூனிலும் டிசம்பரிலும்தான் முட்டி மோதவேண்டியிருக்கிறது. நீங்கள் வாரநடுவில், பள்ளி நடக்கும் மாதத்தில் தேடுங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இருக்கைகள் பயணத்துக்கு 355 நாள் முன்னதாகவே திறக்கின்றன, ஆகவே மிக முன்னதாகத் தேடுவது ஒரு வழி. "சேவர்" என்ற குறைந்த மைல் இருக்கை இல்லாதபோது காத்திருப்புப் பட்டியலில் பெயரைப் பதிந்துவைப்பது இன்னொரு வழி. மூன்றாவது வழி உங்களுக்கென்றே அமைந்தது போன்றது. ஒவ்வொரு மாதமும் "ஸ்பான்டேனியஸ் எஸ்கேப்ஸ்" என்ற பெயரில் அடுத்த மாதப் பயணத்துக்குச் சில ஊர்களைப் பட்டியலிட்டு, சேவர் அளவில் பொதுவாக 30 விழுக்காடு குறைத்துத் தருகிறார்கள். ஊர்ப் பட்டியல் மாதத்திற்கு மாதம் மாறும். எடுத்த டிக்கெட்டை மாற்றவும் முடியாது, ரத்து செய்து மைலைத் திரும்பப் பெறவும் முடியாது. மருத்துவமனைத் தேதிகளை ஒருமுறை சரிபார்த்துவிட்டு எடுங்கள்.

கேள்வி: தந்தைக்கு வயது 84, தஞ்சாவூரில் இருக்கிறார். எந்த நேரத்தில் அழைப்பு வருமோ என்ற அச்சத்தோடுதான் தூங்கப் போகிறேன். என்னிடம் உள்ள 30,000 மைலை ஜூன் விடுமுறைக்குப் பயன்படுத்தலாமா? (புக்கிட் பாத்தோக் வாசகி)

பதில்: சகோதரி, பயன்படுத்த வேண்டாம். மதிப்பு, காசு என்று இதுவரை எழுதிய கணக்கெல்லாம் உங்கள் கடிதத்துக்குப் பொருந்தாது.

என் சித்தப்பா காலமான இரவில் தொலைபேசி ஒலித்தபோது மணி ஒன்று பத்து. காலை விமானத்துக்கு ஒரு வழி ரொக்க விலை, சாதாரண நாளில் போய்வரும் விலையைவிடக் கூடுதலாக இருந்தது. சேவர் இருக்கை இல்லை. அடுத்த படியான "அட்வாண்டேஜ்" இருக்கை இருந்தது, அதற்குக் கூடுதல் மைல் வேண்டும், ஆனால் அதன் அளவு அட்டவணைப்படிதான், மறுநாள் காலைக்குக் கேட்டதால் ஏறவில்லை. ரொக்க விலை கடைசி நேரத்தில் ஏறுவதுபோல அந்த அட்டவணை ஏறுவதில்லை என்பதே இதன் பெரும்பயன். கைப்பேசியில் பதிந்து முடிக்கச் சில நிமிடமே ஆயிற்று. மறுநாள் மதியம் மயானத்துக்குப் புறப்படும் முன் நான் போய்ச் சேர்ந்தேன்.

ஒரு வழிப் பயணத்துக்கு அட்வாண்டேஜ் அளவில் எத்தனை மைல் வேண்டும் என்று இன்று பார்த்து, அந்த அளவைத் தொடாமல் வையுங்கள். அதற்கு மேல் இருப்பதை மட்டும் விடுமுறைக்கு எடுங்கள். காலாவதி நெருங்கும் மைல்களைக் கட்டணம் செலுத்தி நீட்டிக்க முடியும், அந்தச் செலவை மற்றவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை, உங்களுக்குப் பரிந்துரைக்கிறேன். கணவரும் உடன்பிறந்தவர்களும் உங்கள் நியமனப் பட்டியலில் முன்னதாகவே இருக்கட்டும்.

இன்னொன்றையும் இந்த வாரமே பாருங்கள். நீங்கள் சிங்கப்பூர்க் குடிமகள் என்றால் இந்தியாவுக்குள் நுழைய விசா வேண்டும், நள்ளிரவில் விண்ணப்பித்து விடியற்காலை அது கையில் வந்துவிடாது. ஓராண்டுக்கோ ஐந்தாண்டுக்கோ செல்லும் மின்விசாவை இப்போதே எடுத்து, அச்சுப்படியைக் கடப்பிதழுக்குள் மடித்து வைத்துவிடுங்கள்.